பத்து மணிக்குப் பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம்



இவ்வாரச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் சபையின் மூத்தவர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். இணையத்தின் வழியே ஆடப்படும் சண்டை விளையாட்டுகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். நம் இளம் தகப்பன்மாரில் சிலர் இவற்றை ஆடுகிறார்கள். அலுவலக வேலை முடிந்து, பேருந்து நெரிசலில் வீடு வந்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் இரவு உணவும் குடும்ப ஜெபமும் நிறைவேறிய பின்பு, பத்து மணியளவில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அப்பொழுது கன்ட்ரோலரைக் கையில் எடுக்கிறார்கள்.

இது குறித்து அண்மையில் இரண்டு கேள்விகள் என்னிடம் வந்தன. முதலாவது ஒரு சகோதரர் கேட்டது. “ஐயா, வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடுகிறேன். ஆறு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். கல்லூரிப் பையன்கள் நாள் முழுவதும் ஆடி என்னைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இவ்வளவு குறைந்த நேரத்தை வைத்துக்கொண்டு போட்டி ஆட்டம் ஆடுவதில் பொருள் உண்டா? விட்டுவிடலாமா?” என்றார். இரண்டாவது கேள்வி வேறொரு வீட்டுச் சகோதரியினுடையது. “ஐயா, அவர் ஆடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் குழந்தை எழுந்து அழுதால், ‘இதோ, இந்த மேட்ச் முடியட்டும்’ என்கிறார். அது எப்போது முடியும் என்று எனக்கு ஒருநாளும் தெரிவதில்லை” என்றார்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றே என்பது என் கருத்து. குறைந்த நேரத்திலும் இவ்விளையாட்டை நன்றாக ஆட முடியும்; அதை விட்டுவிட வேண்டிய அவசியம் இல்லை. தரநிலையில் ஏறியே தீர வேண்டும் என்னும் ஆசையைத்தான் விட வேண்டும். அதை விட்டவர் வீட்டாரின் நேரத்திலிருந்து கடன் வாங்க மாட்டார். இக்கருத்துக்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இது எத்தகைய விளையாட்டு?

அறியாதவர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். திரையில் இரு வீரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவரை நாம் இயக்குகிறோம்; மற்றவரை வேறெங்கோ அமர்ந்திருக்கும் ஒருவர் இயக்குகிறார். குத்து, உதை, தடுப்பு, பிடி ஆகியவற்றால் எதிராளியின் உயிர்க்கோட்டைக் காலியாக்குபவர் அந்தச் சுற்றை வெல்கிறார். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இவ்வகைக்கு உலகெங்கும் பெயர் தேடித் தந்தது. இன்று பலரும் ஆடுவது அதன் வழிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. அது 2023 ஜூன் மாதம் வெளியானது. டெக்கன் 8 என்னும் மற்றொன்று 2024 ஜனவரியில் வெளிவந்தது.

இணைய விளையாட்டு என்றவுடன் நம்மில் பலருக்கு ரம்மியும், அதில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளும் நினைவுக்கு வருகின்றன. அந்த அச்சம் நியாயமானது. அதன் பொருட்டே நம் மாநிலம் இணையச் சூதாட்டத்துக்கு எதிராக ஒரு சட்டத்தை இயற்றியது. அதற்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. அதே சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளை வேறு வகையாக வைத்து ஏற்றுக்கொண்டது. நாம் பேசும் சண்டை விளையாட்டுகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. விளையாட்டை ஒருமுறை விலை கொடுத்து வாங்குகிறார்கள். கூடுதல் வீரர்களையும் உடைகளையும் விற்பது உண்டு என்பதால் பணப்பையின் மீது ஒரு கண் இருக்கட்டும். எனினும் தோற்றால் பணம் போவதில்லை. வென்றால் பணம் வருவதும் இல்லை. ஆகவே சூதாட்டத்துக்குச் சொல்லும் கண்டனத்தை இதன்மேல் சுமத்துவது நியாயமாகாது.

“ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது விளையாட்டா?” என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. இக்கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. 1992-இல் வெளிவந்த மார்ட்டல் காம்பட் போன்ற விளையாட்டுகளின் இரத்தக்காட்சிகள் அமெரிக்காவில் பெரும் விவாதத்தை எழுப்பின. அதன் விளைவாக 1994-இல் அங்கே விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் இடும் அமைப்பு உருவாயிற்று. எல்லாச் சண்டை விளையாட்டும் ஒன்றல்ல. பிள்ளைகள் உள்ள வீட்டில் எதை ஆடுவது என்று பெற்றோர் உறையின் மேல் உள்ள வயதுக் குறிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். மற்றபடி, சிலம்பத்தையும் மல்யுத்தத்தையும் ரசித்த ஒரு சமுதாயம், திரையில் நடக்கும் மோதலைக் கண்டு பதற வேண்டியதில்லை.

நேரம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது?

சகோதரரின் வருத்தம் வெறும் சலிப்பன்று. அதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. இவ்விளையாட்டுகளில் ஒரு விநாடி அறுபது பிரேம்களாகப் பிரிக்கப்படுகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் விரைவான சிறு குத்து, பொத்தானை அழுத்திய நான்காவது பிரேமில் எதிராளியைத் தொட்டுவிடும். விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் அது. கண்ணால் கண்டு கையை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழக் கால் விநாடி, அதாவது பதினைந்து பிரேம்கள் தேவைப்படுகின்றன. அந்தக் குத்தைப் பார்த்துத் தடுக்க எவராலும் இயலாது. எதிராளி அதை எப்போது செய்வார் என்று முன்னதாக உணர வேண்டும். டிரைவ் இம்பாக்ட் என்னும் கனத்த தாக்குதலோ தொடங்கி 26 பிரேம்கள் ஆன பின்பே வந்து சேரும். அதைக் கண்டு மறுமொழி தர முடியும், ஆனால் கை பழகியிருக்க வேண்டும்.

ஆகவே இங்கே இருவகைப் பயிற்சி தேவை. கைக்குப் பயிற்சி ஒன்று. எதிரில் இருப்பவரின் மனத்தை வாசிக்கும் பயிற்சி மற்றொன்று. வீரர்களோ பலர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வெளியானபோது அதில் 18 வீரர்கள் இருந்தனர். டெக்கன் 8-இல் 32 பேர். ஒவ்வொருவரின் அடிகளையும் அறிந்திருக்க வேண்டும். நாளெல்லாம் ஆடுபவர் இவற்றையெல்லாம் கற்றுக்கொள்கிறார். ஒரு மணி நேரம் ஆடுபவர், சென்ற வாரம் கற்றதை இவ்வாரம் மீண்டும் நினைவுபடுத்திக்கொள்வதிலேயே பாதி நேரத்தைச் செலவிடுகிறார். இசைக்கருவி பழகுகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

இங்கே ஒரு செய்தியை அந்தச் சகோதரருக்குச் சொல்ல வேண்டும். ரேங்க் என்று அவர்கள் அழைக்கும் தரநிலை எதற்காக ஏற்படுத்தப்பட்டது? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் புதியவர்களுக்கான படியில் தொடங்கி இரும்பு, வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம், மாஸ்டர் எனப் படிகள் உயர்கின்றன. வெல்பவருக்குப் புள்ளிகள் கூடும், தோற்பவருக்குக் குறையும். ஒத்த திறமை உடையவர்களை ஒன்றுசேர்ப்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறுமானால், வெள்ளிப் படியில் இருப்பவரும் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் வெல்வார். வைரப் படியில் இருப்பவரும் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில்தான் வெல்வார். நாளுக்கு ஆறு மணி நேரம் ஆடுபவருக்குக் கிடைக்கும் எதிராளியும் அவருக்குச் சமமானவர். ஒரு மணி நேரம் ஆடுபவருக்குக் கிடைப்பவரும் சமமானவர். இருவருடைய நெஞ்சும் ஒரே வேகத்தில்தான் துடிக்கிறது.

அப்படியானால் நேரம் இல்லாதவருக்கு எது குறைகிறது? பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னத்தின் நிறம் மட்டுமே குறைகிறது. ஆட்டத்தின் சுவையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. “ஆறு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்” என்பதன் பொருள், “ஆறு மாதமாக எனக்குத் தக்க எதிராளிகளோடு ஆடிக்கொண்டிருக்கிறேன்” என்பதுதான். இதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது?

இரண்டாம் இடம் பெற்றவரின் ஆட்டம்

இவ்விளையாட்டின் வரலாற்றில் அதிகம் பேசப்படும் ஒரு நிகழ்ச்சி 2004-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்தது. ஈவோ என்பது சண்டை விளையாட்டுகளுக்கான ஆண்டுதோறும் நடக்கும் பெரும்போட்டி. அவ்வாண்டில் ஜப்பானியரான டைகோ உமேஹாராவும் அமெரிக்கரான ஜஸ்டின் வாங்கும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இல் மோதினார்கள். டைகோவின் வீரனுக்கு உயிர் ஒரு கீற்று அளவே எஞ்சியிருந்தது. ஜஸ்டின் பதினைந்து அடிகள் கொண்ட ஒரு பெரும் தாக்குதலைத் தொடுத்தார். தடுத்தாலும் சிறிது உயிர் குறையும் என்பதால், சாதாரணமாகத் தடுத்திருந்தால் டைகோ தோற்றிருப்பார். அவர் தடுக்கவில்லை. ஒவ்வொரு அடியும் வந்து சேரும் கணத்தில் பின்வாங்காமல் அதை நோக்கி முன்னே அசைந்து, பதினைந்தையும் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, திருப்பி அடித்து அந்தச் சுற்றை வென்றார். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அந்தக் காணொளி இன்றும் பார்க்கப்படுகிறது.

ஆனால் அந்தப் போட்டியின் பட்டத்தை டைகோ வெல்லவில்லை. இறுதி ஆட்டத்தில் கென்ஜி ஒபாட்டா என்ற மற்றொரு ஜப்பானியரிடம் அவர் தோற்றார். பட்டம் யாருடையது என்று கேட்டால் அந்த விளையாட்டை நேசிப்பவர்களிலும் சிலரே விடை சொல்வார்கள். இரண்டாம் இடம் பெற்றவரின் ஆட்டத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதே டைகோ சில காலத்துக்குப் பின்பு விளையாட்டை முற்றிலும் விட்டுவிட்டு, முதியவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் வேலை செய்தார். பின்னர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்த காலத்தில் மீண்டும் ஆடத் தொடங்கி, 2009-இலும் 2010-இலும் ஈவோ பட்டத்தை வென்றார். உலகில் தலைசிறந்தவராக எண்ணப்பட்ட ஒருவர் ஆட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, தளர்ந்தவர்களுக்குப் பணிவிடை செய்யப் போக முடிந்தது. திரும்பி வரவும் முடிந்தது. ஒரு வாரம் ஆடாவிட்டால் எல்லாம் போய்விடும் என்று பதறுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதியபோது, ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உவமையாக எடுத்தாண்டதை நாம் அறிவோம். கொரிந்துக்கு அருகில் ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடைபெற்றன. வென்றவர்களின் தலையில் சூட்டப்பட்டது பொன்முடியன்று. தழைகளால் கட்டிய மாலை. அது சில நாளில் உலர்ந்துவிடும். பவுல் விளையாட்டை இகழவில்லை. விளையாட்டு வீரனின் கட்டுப்பாட்டை விசுவாசிகளுக்கு மாதிரியாகக் காட்டினார். அதே வேளையில், அந்த மாலை எத்தனை நாள் தாங்கும் என்பதையும் நினைவூட்டினார். நம் காலத்து மாலையும் அத்தகையதே. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மாஸ்டர் படியை எட்டியவர்களுக்குத் தனியாக ஒரு மதிப்பெண் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அது எல்லோருக்கும் 1500-க்குத் திரும்பிவிடுகிறது. தூக்கத்தைத் துறந்து சேர்த்தவருக்கும் அப்படியே.

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது?

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். என் மனத்தில் இதுவே கனமான கேள்வி.

இவ்விளையாட்டை இணையத்தில் ஆடும்போது நடுவில் நிறுத்திவைக்க முடியாது. தனியாக ஆடும் கதை விளையாட்டுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் அசையாமல் நிற்கும். இங்கே மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். அதனால் ஆடுபவர் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக் கடன்பட்டவராகிறார்: முகம் தெரியாத எதிராளிக்கும், அடுத்த அறையில் இருக்கும் தன் வீட்டாருக்கும். இந்த இரண்டு கடன்களும் மோதும்போது, கையில் கன்ட்ரோலர் இருப்பவருக்குத் திரைதான் பெரிதாகத் தெரிகிறது. அவர் கெட்டவர் அல்லர். விளையாட்டின் அமைப்பு அப்படி.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ஒரு சுற்றுக்கு அளிக்கப்படும் நேரம் 99 விநாடிகள். ஓர் ஆட்டத்தில் இரண்டு சுற்றுகளை முதலில் வெல்பவர் வெற்றியாளர். மூன்று சுற்றுகளும் முழு நேரம் நீடித்தாலும் ஏறத்தாழ ஐந்து நிமிடங்களே ஆகும். பெரும்பாலும் அதற்கும் முன்னரே முடிந்துவிடும். அதன்பின் இருவரும் விரும்பினால் மறுஆட்டம் உண்டு. மூன்று ஆட்டங்கள் நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் அந்த எதிராளியோடு கணக்கு முடிந்துவிடும். “எப்போது முடியும் என்று தெரிவதில்லை” என்ற சகோதரிக்கு விடை உண்மையில் இருக்கிறது: ஐந்து நிமிடம். அந்த விடையைக் கணவர் சொல்லியிருக்க வேண்டும். சொன்னபடி எழுந்தும் வந்திருக்க வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் மறுஆட்டத்தை மறுத்துவிட்டு எழுந்துபோவது எதிராளிக்குச் செய்யும் அநீதி ஆகாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலோ, பெரியவர் ஒருவர் கால் இடறி விழுந்தாலோ அந்த ஐந்து நிமிடத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஓடுங்கள். இழப்பது சில புள்ளிகள்தாம்.

இன்னும் ஒன்று. பத்து மணிக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. அந்நேரத்தில் சமையலறையில் பாத்திரம் துலக்குவது யார்? மறுநாளைக்கு மாவு அரைத்து வைப்பது யார்? பிள்ளையின் பள்ளிச் சீருடையை எடுத்துவைப்பது யார்? “எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம்” என்று சொல்லும் சகோதரர்களே, உங்கள் மனைவிக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? பல வீடுகளில் அதற்கு விடை “ஒன்றுமில்லை” என்பதே. அப்படியானால் உங்கள் ஓய்வு நேரம் உங்களுடைய சம்பாத்தியம் மட்டும் ஆகாது. மற்றொருவர் தம் ஓய்வைக் கொடுத்து உங்களுக்கு வாங்கித் தந்தது. வாரத்தில் நான்கு இரவுகள் நீங்கள் ஆடினால், இரண்டு இரவுகளாவது வேலை முழுவதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டு அவரை விடுங்கள். அவர் வாசிக்கட்டும், பாடட்டும், தாயோடு தொலைபேசியில் பேசட்டும், அல்லது சும்மா இருக்கட்டும். அந்த நேரத்துக்கு அவர் உங்களிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது நடக்கும் வீட்டில் “மேட்ச் முடியட்டும்” என்ற சொல் புண்படுத்தாது.

கடை மூடும் நேரம்

1990-களில் நம் நகரங்களில் வீடியோ கேம் கடைகள் இருந்தன. நடுத்தர வயதினர் சிலருக்கு நினைவிருக்கும். அங்கே இரண்டு எல்லைகள் இருந்தன. ஒன்று, பையில் இருக்கும் காசு. மற்றொன்று, பின்னால் காத்து நிற்கும் பையன்கள். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். இரவானால் கடைக்காரர் கதவை இறக்கிவிடுவார். இணையம் இவ்வெல்லைகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டது. காசு கேட்பதில்லை, வரிசை இல்லை, கதவும் இறங்குவதில்லை. தோற்ற மறுநொடியில் அடுத்த எதிராளி காத்திருக்கிறார். எல்லை வைப்பதற்கு வெளியில் யாரும் இல்லாத இடத்தில், எல்லையை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே வைப்பது? “ஒரு வெற்றியோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்று பலர் எண்ணுகிறார்கள். இது கண்ணி. எதிராளி சமமானவராக இருக்கும்போது, அடுத்த ஆட்டத்திலும் தோற்பதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. களைப்பும் கோபமும் சேர்ந்தால் பாதிக்கும் மேல். மூன்று தோல்விகளுக்குப் பின்பு பன்னிரண்டு மணிக்குக் கிடைக்கும் வெற்றியில் இனிமை இல்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் கண் எரிவதே மிச்சம். ஆகவே கடிகாரத்தை வைத்து நிறுத்துங்கள், வெற்றியை வைத்து நிறுத்தாதீர்கள். பதினோரு மணிக்கு எழ வேண்டும் என்றால் பத்தே முக்காலுக்குப் பிறகு புதிய எதிராளியை ஏற்காதீர்கள். தோல்வியோடு படுக்கைக்குப் போகப் பழகுவது ஆத்துமாவுக்கும் நல்லது.

எல்லை மீறிப் போகிறது என்பதை அறிய அளவுகோல் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. அதன் அடையாளங்கள் மூன்று: எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்னும் கட்டுப்பாட்டை இழத்தல், வாழ்வின் மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டுக்கு முதலிடம் தருதல், கேடு விளைவதைக் கண்ட பின்பும் தொடர்தல். பொதுவாக இவை ஓராண்டாவது நீடித்திருந்தால்தான் மருத்துவர்கள் அதை நோய் என்று தீர்மானிக்கிறார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடும் சகோதரரை “அடிமை” என்று அழைக்க எவருக்கும் உரிமை இல்லை. இம்மூன்றும் ஒரு வீட்டில் காணப்பட்டாலோ, கடிந்துகொள்வதோடு நில்லாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்.

முகம் தெரியாத அயலான்

மறுமுனையில் இருப்பவரைப் பற்றியும் சில சொற்கள். தொலைவில் இருக்கும் இருவர் ஒரே கணத்தில் மோதுவது எளிதான காரியமன்று. டோனி கேனன் என்பவர் 2006-இல் இதற்கு ஒரு வழி அமைத்தார். எதிராளியின் அசைவு வந்து சேரும்வரை காத்திராமல், கணினி அதை ஊகித்து ஆட்டத்தை நடத்திச் செல்லும். ஊகம் தவறு என்று தெரிந்தால், சில பிரேம்கள் பின்னே சென்று, உண்மையில் நடந்தபடி திருத்திக்கொண்டு மீண்டும் முன்னே வரும். இதெல்லாம் கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். இன்று இவ்விளையாட்டுகள் பலவும் இம்முறையிலேயே இயங்குகின்றன.

எதிராளியைப் பற்றி நாமும் ஊகிக்கிறோம். தொடர்ந்து குனிந்தே உதைப்பவரை “இவனுக்கு இதைத் தவிர ஒன்றும் தெரியாது” என்கிறோம். ஆட்டம் முடிந்தவுடன் எழுந்துபோகிறவரைக் கோழை என்கிறோம். கணினி தன் ஊகத்தைத் திருத்திக்கொள்கிறது, நாம் திருத்திக்கொள்வதில்லை. அவருக்கும் அடுத்த அறையில் ஒரு குழந்தை அழுதிருக்கலாம். அவரும் பகல் முழுவதும் உழைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்காக வந்தவராக இருக்கலாம். 2019 வரை பாகிஸ்தானில் டெக்கன் ஆடுவோரின் திறமையை உலகம் அறிந்திருக்கவில்லை. அவ்வாண்டில் லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ் ஜப்பானில் நடந்த ஈவோவையும் அமெரிக்காவில் நடந்த ஈவோவையும் வென்றபோதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நமக்கு எதிரே வருபவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே தோற்றாலும் மரியாதையோடு தோற்போம். வசைச்சொல் அனுப்பாதீர்கள். தோற்கும் நிலையில் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். வை-ஃபை தடுமாறினால் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இணைப்பின் தடுமாற்றம் அவருடைய ஆட்டத்தையும் கெடுக்கிறது. அயலானை நேசிப்பது இங்கே இவ்வளவு சிறிய காரியங்களில் இருக்கிறது.

ஒரு மணி நேரத்தைப் பயன்படுத்தும் வழி

நேரம் குறைந்தவர்களுக்கு இவ்விளையாட்டை நன்கு அறிந்த நம் இளைஞர்கள் சொன்ன ஆலோசனைகள் எனக்கு ஏற்புடையவையாகத் தோன்றின. ஒரே ஒரு வீரரைத் தெரிந்துகொண்டு அவரோடு நிலைத்திருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ஒவ்வொரு வீரருக்கும் தரநிலை தனித்தனி. பத்துப் பேரைத் தொட்டால் பத்தும் அரைகுறையாகும். முதல் பத்து நிமிடத்தைப் பயிற்சி அறையில் கழித்து, ஒரே ஒரு காரியத்தைப் பழகுங்கள். பின்பு அரை மணி நேரம் ஆடுங்கள். மிச்ச நேரத்தில், தோற்ற ஆட்டம் ஒன்றின் பதிவைத் திரும்பப் பாருங்கள். எந்த அடியில் மீண்டும் மீண்டும் விழுந்தீர்கள் என்று தெரிந்தால், நாளைக்குப் பழக வேண்டியது எது என்பதும் தெரிந்துவிடும். தரநிலையைத் துரத்தாதவருக்கு இன்னொரு நல்ல வழியும் உண்டு. ஒத்த திறமையுள்ள நண்பர் ஒருவரோடு வாரத்தில் ஒரு நாள் புள்ளிக் கணக்கின்றி ஆடலாம். இயன்றால் நேரிலேயே சந்தித்து ஆடுங்கள். ஒரே சோபாவில் அமர்ந்து தோற்பவருக்குச் சிரிப்பு வரும். தனியே அமர்ந்து தோற்பவருக்குக் கோபம்தான் வரும்.

பிரியமானவர்களே, ஓய்வு மனிதருக்கு ஆண்டவர் கொடுத்த ஈவு. உழைத்துக் களைத்த ஒருவர் தமக்குப் பிடித்த விளையாட்டில் ஒரு மணி நேரம் மகிழ்வதை நான் குற்றமாகக் காணவில்லை. நம்மில் பலர் கேரம் ஆடி வளர்ந்தோம். கிரிக்கெட்டுக்காக நாள் முழுவதையும் கழித்தோம். இளையவர்களின் விளையாட்டு நமக்குப் புரியவில்லை என்பதற்காக அதைப் பாவம் என்று சொல்லிவிடாதிருப்போம். விளையாடுகிறவர்களோ, அந்த மணி நேரத்தை நன்றியோடு பெற்று, நேரம் முடிந்ததும் புன்னகையோடு திருப்பிக் கொடுக்கக் கற்றுக்கொள்ளட்டும். வெள்ளிப் படியில் நின்றபடியே மனநிறைவோடு எழுந்து, விளக்கை அணைத்து, உறங்கும் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்யும் தகப்பன் அன்றைக்கு ஒன்றையும் இழக்கவில்லை.

ஜெபம்: எங்கள் வேளைகளைத் தம் கரத்தில் வைத்திருக்கும் ஆண்டவரே, உழைப்பையும் ஓய்வையும் எங்களுக்குத் தந்ததற்காக உமக்கு நன்றி. எங்கள் ஓய்வு மற்றொருவரின் பாரமாகாதபடி காத்தருளும். தொடங்க மகிழ்ச்சியையும், நிறுத்தப் பெலனையும், தோற்கத் தாழ்மையையும் தாரும். ஆமென்.